மாவுக்கட்டு போட்ட காலும் சதுரமில்லாத காகிதமும்

போன வருஷம் ஜூலை இரண்டாவது வாரத்தில் என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே எலும்பில் நல்ல விரிசல். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. "ஆறு வாரம் காலைத் தரையில ஊனவே கூடாதும்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது அவனுக்கு எட்டு வயது. அவன் அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு மாடி வீடு, படி செங்குத்து. தூக்கிக்கொண்டு இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கையிலிருந்த பன்னிரண்டு நாள் லீவு தீர்ந்தால் அதற்குப் பிறகு சம்பளம் கிடையாது. அந்த ஆறு வாரத்தில் காகிதம் மடிக்கக் கற்றுக்கொண்டோம் என்று இப்போது சொல்கிறபோது கேட்கிறவர்களுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் முதல் பதினோரு நாளை நாங்கள் இரண்டு பேரும் அழுதுதான் கழித்தோம். யாராவது நாலு விஷயத்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அது தேவையே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நாலு நாள் அவன் கையில் போன்தான். வலி மறக்கட்டும் என்று நானே கொடுத்தேன். நாலாவது நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான், பேசினால் எரிந்து விழுந்தான், ராத்திரி பன்னிரண்டு மணி வரை தூக்கமில்லை. ஐந்தாம் நாள் போனை வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். வாங்கிய பிறகுதான், அதற்குப் பதிலாகக் கையில் என்ன கொடுப்பது என்ற யோசனையே வந்தது. அப்போது சின்ன வயதில் படித்த சடாகோ சசாகியின் கதை நினைவுக்கு வந்தது. 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவள் இரண்டு வயதுக் குழந்தை. பத்து வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் வேண்டியது நடக்கும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. அதை நம்பிப் படுக்கையிலேயே மடித்துக்கொண்டிருந்தாள். முடியாத குழந்தை, படுக்கை, காகிதம், இவ்வளவுதான் என் மனதில் ஓடியது. கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவன் கேட்டான்: "அப்புறம் அந்த அக்காவுக்கு சரியாயிடுச்சாம்மா?" அவள் 1955 அக்டோபரில், பன்னிரண்டு வயதில் இறந்துபோனாள் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. "மீதிய நாளைக்குச் சொல்றேன் கண்ணா" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். படுத்திருக்கிற குழந்தைக்கு அந்தக் கதையோடு தொடங்காதீர்கள். முடிவு வரை யோசித்து வைத்துக்கொண்டு, அவன் தெம்பாக இருக்கிற ஒரு நாளில் சொல்லுங்கள்.

கதை பாதியில் நின்றாலும் கொக்கு மட்டும் மனதில் தங்கிவிட்டது. அன்று ராத்திரியே ஆன்லைனில் ஒரிகாமிக்கு, அதாவது காகித மடிப்புக்கு, என்றே விற்கிற இருநூறு தாள் கொண்ட ஒரு செட் 549 ரூபாய்க்கு, படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று 799 ரூபாய்க்கு, மடிப்பை நீவ ஒரு பிளாஸ்டிக் கருவி 250 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். மொத்தம் 1,598 ரூபாய். சம்பளம் நிற்கப்போகிற மாதத்தில் எனக்கு அது பெரிய தொகை. பார்சல் இரண்டே நாளில் வந்தது. மூன்றில் எதையும் வாங்கியிருக்கத் தேவையில்லை என்று இன்று தெரிகிறது. நீவுவதற்குக் கட்டைவிரல் நகம் போதும், இல்லாவிட்டால் ஸ்பூனின் முதுகு. புத்தகம் வேண்டுமென்றால் ஆறு வாரம் கழித்து வாங்கலாம். காகிதத்துக்கு வருகிறேன்.

பையனுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் முதலில் எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அவன் தூங்கிய பிறகு பதினோரு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து கொக்கு மடித்தேன். முதல் ஏழெட்டு மடிப்பு சரியாக வரும். சதுரத்தைச் சுருக்கி வைர வடிவில் ஒரு சின்னச் சதுரமாக்குவது வரை பிரச்சினை இல்லை. அதன் பிறகு ஒரு இடம் வரும். மேல் அடுக்கை அடிமுனையில் பிடித்துத் தூக்கி, பூவிதழ் விரிவதுபோல் மேலே கொண்டுபோய் இரண்டு பக்கத்தையும் உள்ளே அமுக்க வேண்டும். அங்கேதான் நான் நின்றுபோவேன். ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் புடைத்துக்கொள்ளும். முனை கூராக வராமல் இரண்டாகப் பிளந்து நிற்கும். அதை அமுக்கிச் சமாளித்து மேலே போனால் கழுத்து மடிக்கிற இடத்தில் காகிதம் கிழிந்துவிடும். மூன்று ராத்திரியில் இருபத்தாறு தாள் போயிற்று. ஒரு கொக்குகூட நேராக நிற்கவில்லை. வீடியோவில் அந்தப் பெண் நாலு நிமிஷத்தில் முடிக்கிறாள். தினமும் பேரேட்டில் பைசா பிசகாமல் கணக்கு எழுதுகிற என் கைக்கு ஒரு காகிதத்தை மடிக்க வரவில்லையே என்று ரொம்ப வேதனைப்பட்டேன்.

அரைகுறையாகவே அவனிடம் ஆரம்பித்தது நான் செய்த பெரிய தவறு. அவன் முதுகுக்குத் தலையணை கொடுத்து, மடியில் போர்வைமேலேயே காகிதத்தை வைத்து, எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். எனக்கு வலது அவனுக்கு இடது. மெத்தையில் காகிதம் குழிந்துபோகும், மடிப்பு வளையும். நாலாவது தாள் கிழிந்ததும் "எனக்கு கை வரலம்மா, எனக்கு எதுவுமே வராது" என்று புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தான். நானும் கத்திவிட்டேன். எவ்வளவு காசு போட்டு வாங்கினேன் தெரியுமா என்று, அவனுக்குச் சம்பந்தமே இல்லாத கோபத்தையெல்லாம் சேர்த்துக் கொட்டினேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க முயன்று, மாவுக்கட்டு விடாமல், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு அழுதான். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கால் உடைந்து பதினோராம் நாள், ஆடிக் காற்று வந்து உண்மையைக் காட்டிக்கொடுத்தது. ஜன்னல் படாரென்று திறந்துகொண்டு மேசைமேல் இருந்த தாள் அத்தனையும் வீடு முழுக்கப் பறந்தது. பொறுக்கிச் சேர்த்து, ரசீதுக் கட்டைத் தட்டி நேராக்குகிற பழக்கத்தில் மேசையில் தட்டினேன். எத்தனை தட்டியும் விளிம்பு சேரவில்லை. கொஞ்சம் தாள் மட்டும் கட்டிலிருந்து மெலிதாக வெளியே நீட்டிக்கொண்டே நின்றது. அதில் ஒன்றை உருவி, கால் சுற்றுத் திருப்பி உள்ளே வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஒரு பக்கம் 15 சென்டிமீட்டர், மறுபக்கம் 15.3. அத்தனை தாளும் அப்படித்தான். அட்டையில் 15-க்கு 15 என்று அச்சிட்டிருந்தது. அந்த மூன்று மில்லிமீட்டர்தான் முதல் மடிப்பிலேயே மூலையைத் தவறவிட்டு, அடுத்தடுத்த மடிப்புகளில் தவறைக் கூட்டிக்கொண்டே போய், இதழ் விரிகிற இடத்தில் முனையைப் பிளந்திருக்கிறது. என் கையில் கோளாறில்லை, அவன் கையிலும் கோளாறில்லை. தரையில் உட்கார்ந்து அந்த ஸ்கேலையும் தாளையும் அவனிடம் காட்டினேன். அவனே நாலு தாளை அளந்து பார்த்தான். "அப்ப நான் சரியாத்தான் மடிச்சேனாம்மா?" என்றான்.

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், அதற்கான கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது. விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. அதனால் காகிதம் வந்த அன்றே சோதித்துவிடுங்கள். கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, கால் சுற்றுத் திருப்பி மறுபடி கட்டின்மேல் வையுங்கள். எங்காவது ஒரு மயிரிழை நீட்டினாலும் அது சதுரம் இல்லை. இன்னொரு வழி, மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்துப் பார்ப்பது. இரண்டு விளிம்பும் ஒன்றாக முடிய வேண்டும், அடித்தாள் எட்டிப் பார்க்கக் கூடாது. இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம் ஆகும். எனக்கு அது தெரியாததால் பதினோரு நாள் போயிற்று.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. காகிதம் மடித்தே ஜியோமெட்ரி கற்றுக்கொள்ள முடியும் என்று சுந்தர ராவ் என்பவர் 1893-லேயே நம் சென்னையில் ஒரு ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டிருக்கிறார். அதன் முதல் அத்தியாயமே சதுரம் பற்றியதுதான். கன்னாபின்னா என்று கிழிந்த ஒரு துண்டைக்கூட மடித்து மடித்தே எப்படி நேர்க்கோடாக்கி, செங்கோணமாக்கி, சதுரமாக்குவது என்பதில் ஆரம்பிக்கிறார். சதுரத்தில் தொடங்க வேண்டும் என்று நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் நம் ஊரிலேயே ஒருவர் எழுதி வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அதற்குப் பிறகு காகிதத்துக்கு நான் தனியாகக் காசு செலவழிக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிற ஏ4 தாளே போதும். ஒரு மூலையைப் பிடித்து எதிர்ப் பக்கத்து நீள விளிம்போடு சேர்த்து முக்கோணமாக மடித்தால் மேலே ஒரு பட்டை மிஞ்சும். அதை வெட்டிவிட்டால் 21 சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். மிஞ்சிய பட்டையின் அகலம் 8.7 சென்டிமீட்டர், அதிலும் இரண்டு குட்டிச் சதுரம் எடுக்கலாம். ஆரம்பத்தில் பெரிய சதுரத்திலேயே மடியுங்கள். குழந்தையின் விரலுக்குச் சின்னத் தாள் எளிது என்று நான் நினைத்திருந்தேன், அது நேர் எதிர். பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் கிளேஸ் பேப்பர் மெல்லியது, ஒரு பக்கம் கலர், மறுபக்கம் வெள்ளை. அதனால் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வது எளிது. சார்ட் பேப்பர் மட்டும் வேண்டாம். இரண்டு முறை மடித்தால் மூன்றாவது மடிப்பில் வெடித்துவிடும்.

உட்காரும் விதத்தையும் மாற்றினேன். பரீட்சை அட்டையைத் தலையணைமேல் வைத்து அவன் மடியில் கொடுத்தேன். கீழே கெட்டியாக இருந்தால்தான் மடிப்பு கத்தி மாதிரி விழும். எதிரே உட்காராமல் அவன் பக்கத்தில், தோளோடு தோள் உரச உட்கார்ந்தேன். அப்போது என் கையில் நடப்பது அப்படியே அவன் கையிலும் நடக்கும், இடது வலது குழப்பமே இல்லை. நான் ஒரு தாள், அவன் ஒரு தாள். அவன் தாளை நான் தொடுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். இது கடினமான விதி. கோணலாகப் போகிறது என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் நாம் வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிட்டால் அது அவன் செய்த பொம்மையாக இருக்காது. குழந்தைக்கு அது உடனே தெரிந்துவிடும். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம். போதும் என்று அவன் சொல்வதற்கு முன்னால் நானே நிறுத்திவிடுவேன்.

கப்பலில் ஆரம்பித்தோம். அது அவனுக்கு ஏற்கெனவே அரைகுறையாகத் தெரியும். எந்தத் தமிழ் வீட்டுக் குழந்தைக்குத்தான் தெரியாது? கப்பலுக்குச் சதுரம் தேவையில்லை, நீளத்தாள்தான் வேண்டும். அன்றன்று கிழிக்கிற காலண்டர் தாள் அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். மெல்லியது, மடிப்பு நன்றாக நிற்கும், காசில்லாமல் தினமும் ஒன்று வரும். காலையில் பல் தேய்த்ததும் முதல் நாள் தாளைக் கிழித்துக் கொடுப்பேன், அவன் ஒரு கப்பல் மடித்து ஜன்னல் விளிம்பில் வைப்பான். அதன் பிறகு கட்டுப் பிரிக்க எத்தனை நாள் இருக்கிறது என்று என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டான். கப்பலை எண்ணிப் பார்த்துக்கொள்வான். கப்பலுக்கு நடுவில் வருகிற தொப்பியையே பெரிய செய்தித்தாளில் மடித்தால் தலையில் போடலாம். ஜப்பானியர்கள் மே 5 குழந்தைகள் தினத்துக்கு மடிக்கிற கொம்பு வைத்த போர்வீரன் தொப்பி இன்னும் நன்றாக இருக்கும். சதுரத்தை முக்கோணமாக்கி, இரண்டு பக்க முனையையும் உச்சியோடு சேர்த்து, அந்த முனைகள் கீழே பார்க்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இரண்டு முனையையும் மேலே தூக்கி, நுனியை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் கொம்பு. கீழே இருக்கிற மேல்தாளை இரண்டு மடிப்பாக மேலே மடித்தால் முன்விளிம்பு, பின்தாளை உள்ளே செருகினால் முடிந்தது. அதைப் போட்டுக்கொண்டே மஸ்கட்டுக்கு வீடியோ காலில் பேசினான்.

இரண்டாவதாக நாய் முகம். தன்னம்பிக்கை போன குழந்தைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நீண்ட பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். மேல் முனை இரண்டையும் சாய்வாகக் கீழே மடித்தால் காது. கீழ் முனையைக் கொஞ்சம் மேலே மடித்தால் மூக்கு. கண் வரைந்தால் நாய். மொத்தம் நாலே மடிப்பு. தவறாக மடிந்தாலும் அது நாய்தான், காது கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவே. கொக்கில் தவறினால் கொக்கே வராது. ஆரம்பத்துக்கு எதை எடுப்பது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: தவறினாலும் உருப்படியாக வருகிற மாடலை எடுங்கள். முக்கோணத்தைக் கூம்பு மேலே பார்க்க வைத்து, உச்சியைக் கொஞ்சம் கீழே மடித்து, இரண்டு பக்க முனையையும் மேலே தூக்கி, திருப்பிப் போட்டால் பூனை. ஒரே மத்தியானத்தில் பதினாலு நாயும் ஒன்பது பூனையும் செய்தான். ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு.

மூன்றாவது டம்ளர். மடித்த பொருள் உபயோகப்படும்போது குழந்தையின் முகமே மாறிவிடும். முக்கோணத்தை நீண்ட பக்கம் கீழே வரும்படி வையுங்கள். இடது சாய்வு விளிம்பை அடி விளிம்போடு சேர்த்து மடித்தால், மடிப்புக் கோடு வலது சாய்வு விளிம்பில் ஒரு இடத்தில் முடியும். அங்கே மட்டும் லேசாக அழுத்தி அடையாளம் வைத்துக்கொண்டு பிரித்துவிடுங்கள். இப்போது இடது கீழ் முனையைக் கொண்டுவந்து அந்த அடையாளத்தில் வைத்து மடியுங்கள். வலது முனையை அதே மாதிரி எதிர்ப்பக்கம். உச்சியில் இரண்டு அடுக்கு நிற்கும். முன்னடுக்கை முன்பக்கப் பைக்குள் செருகி, பின்னடுக்கைப் பின்னால் மடித்து, வாயைத் திறந்தால் டம்ளர். அடையாளம் வைக்கிற அந்த ஒரு வேலையைத்தான் பல வீடியோக்களில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். குத்துமதிப்பாக மடித்தால் டம்ளர் சாய்ந்து நிற்கும். வெள்ளை ஏ4 தாளில் செய்தால் தண்ணீர் ஊற்றி நாலு வாய் குடிக்கலாம், அதுவரை ஊறாது. மாத்திரை போட அடம்பிடித்தவன், அந்த டம்ளரில் என்றால் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

குதிக்கிற தவளையும், நாலு விரலை உள்ளே விட்டு வாய் திறந்து மூடுகிற பொம்மையும் அடுத்த வாரம் வந்தன. தவளைக்கு மட்டும் மெல்லிய தாள் ஆகாது. பழைய விசிட்டிங் கார்டில் மடித்தால்தான் முதுகை அழுத்தி விட்டதும் துள்ளும். வாய் பொம்மையை யார் வேண்டுமானாலும் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். நாலு மூலையையும் நடுவுக்கு மடித்து, திருப்பிப் போட்டு மறுபடி நாலு மூலையையும் நடுவுக்கு மடித்து, பாதியாக மடித்து விரலைக் கொடுக்க வேண்டியதுதான். நடுவுக்கு மூலை மடிக்கும்போது மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒரு நூல் இடைவெளி விட்டு மடித்தால் கடைசியில் பிதுங்காது.

இந்தக் கட்டத்தில்தான் சுவரில் அடிவாங்கிய புத்தகத்தை மறுபடி திறந்தேன். ஆங்கில வரிகளை விட்டுவிட்டுக் கோடுகளை மட்டும் பார்த்தபோது புரிய ஆரம்பித்தது. சின்னச் சின்னக் கோடாக வந்தால் நம் பக்கமாக மடிக்க வேண்டும், மடிப்பு பள்ளமாக விழும். கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் பின்பக்கமாக மடிக்க வேண்டும், மடிப்பு மேடாக நிற்கும். அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறதோ காகிதமும் அந்தப் பக்கம். இந்த முறைக்கு அடிப்படை போட்டவர் அகிரா யோஷிசாவா என்ற ஜப்பானியக் காகித மடிப்புக் கலைஞர். 1911-ல் பிறந்து, இளமையில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், 2005 வரை வாழ்ந்தார். அவர் புண்ணியத்தில் எந்த மொழிப் புத்தகத்தையும் மொழி தெரியாமலே படித்து மடிக்கலாம். என் மகன் இதை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டான். ஒரு விஷயம் மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு படத்தைப் பார்த்து மடிக்கும்போது அதற்கு அடுத்த படத்தையும் பார்க்க வேண்டும். மடித்த பிறகு எப்படி இருக்கும் என்பதை அடுத்த படம்தான் சொல்லும். வீடியோவில் அந்த வசதி இல்லை, கை மறைத்துவிடுகிறது.

ஆடிப்பெருக்கு வந்தது. அம்மா மண்டபம் படித்துறை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். வருஷா வருஷம் அவனும் நானும் போவோம். அந்த வருஷம் அவனால் போக முடியாது, அவனை விட்டுவிட்டு நானும் போக முடியாது. முந்தின நாள் ராத்திரி ஜன்னலிலிருந்த கப்பலையெல்லாம் இறக்கி, அடிப்பக்கம் முழுக்க மெழுகுவத்தி தேய்த்தான். மெழுகு தேய்த்தால் தண்ணீர் சீக்கிரம் ஊறாது என்று அவனே கிண்ணத்தில் விட்டுச் சோதித்திருந்தான். காலையில் கீழ் வீட்டு மாமி படியேறி வந்து, காதோலை கருகமணித் தட்டோடு அந்தக் கப்பல்களையும் ஒரு கூடையில் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "பதினொண்ணு விட்டேன்டா, ஒண்ணுகூட கவுரலை, கூட்டத்துல எல்லாரும் பார்த்தா" என்று சொன்னார். ஜன்னலில் மறுநாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று மறுபடி எண்ண ஆரம்பித்தான்.

ஐந்தாவது வாரம் பெட்டி. இதை நான் எனக்காகக் கற்றுக்கொண்டேன். நாலு மூலையை நடுவுக்கு மடித்து, மேலும் கீழும் விளிம்புகளை நடுக்கோட்டுக்கு மடித்துப் பிரித்து, இடது வலதையும் அதேபோல் மடித்துப் பிரித்து, எதிரெதிர் மூலை இரண்டை மட்டும் திறந்து பக்கங்களைத் தூக்கி நிறுத்தினால் பசை இல்லாமல் பெட்டி நிற்கும். 21 சென்டிமீட்டர் தாளில் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர் பெட்டி வரும். மூடி வேண்டுமா, மூடிக்கு 21 வைத்துக்கொண்டு பெட்டிக்கு 20.5 எடுங்கள், சரியாக இறங்கும். வீட்டில் பட்டன், ஊக்கு, அவன் மாத்திரை எல்லாம் இப்போது அதில்தான்.

அந்த 549 ரூபாய்த் தாளில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. தூக்கிப்போட மனசில்லை. ஒரு நாள் மாமியைப் பையனோடு உட்கார வைத்துவிட்டு, நோட்டு பைண்டிங் செய்கிற கடைக்கு எடுத்துப் போனேன். கட்டிங் மெஷினில் கட்டோடு வைத்து, 15-க்கு 15-ஆக ஒரே இழுப்பில் வெட்டிக்கொடுத்தார். இருபது ரூபாய். வெட்டியதை அங்கேயே நின்று, ஒரு தாளைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

அந்தத் தாளில் கொக்கு வந்தது. எனக்கு இல்லை, அவனுக்கு. முப்பத்தாறாவது நாள் சாயங்காலம், புத்தகத்தைப் பார்த்து, என்னைக் கூப்பிடாமல். இதழ் விரிகிற அந்த இடத்தில் காகிதம் எந்த முரண்டும் பிடிக்காமல் தானாக உட்கார்ந்ததை அவன் இரண்டாவது கொக்கு மடிக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தேன். முனை ஊசி மாதிரி வந்தது. அன்று ராத்திரி சடாகோ கதையின் மீதியைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், அவள் இறந்ததையும், ஹிரோஷிமாவில் குழந்தைகளுக்காக 1958-ல் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் அவள் கொக்கைத் தூக்கிப் பிடித்து நிற்பதையும். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஆஸ்பத்திரில அவளுக்கு அவ்ளோ பேப்பர் யாரும்மா குடுத்தா?" என்று கேட்டான். மருந்து சுற்றி வருகிற காகிதத்தில்கூட மடித்தாள் என்று சொன்னேன். காலையில் எழுந்து பார்த்தால், அவனுடைய கால்சியம் மாத்திரை அட்டைப்பெட்டிக்குள் இருந்த மருந்துக் குறிப்புத் தாளைச் சதுரமாகக் கிழித்து மடிக்க ஆரம்பித்திருந்தான். அது மெல்லிய தாள், சின்னக் கொக்குக்கு அருமையாக இருக்கிறது.

கட்டுப் பிரிக்கப் போன அன்று ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்து பெஞ்சில் கையில் கட்டோடு ஒரு சின்னப் பெண், நாலு வயது இருக்கும், சிணுங்கிக்கொண்டே இருந்தாள். பையிலிருந்து பரீட்சை அட்டையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். அவளுக்கு ஒரு கைதான். அவன் காகிதத்தின் ஒரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவள் மறு மூலையைக் கொண்டுவந்து சேர்த்தாள். சேர்ந்து முடிகிற வரை அவன் அந்த விரலை எடுக்கவே இல்லை. நாய்க்கு ஒரு காது ரொம்பப் பெரிதாக வந்தது. எங்கள் டோக்கன் நம்பரை இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.